இடதுசாரி மண்ணில் ஒரு பழமைவாதி

‘பழமைவாதி’ என்னும் சொல்லை நம்மவர்கள் ஒரு வசையாகவே வழங்கிப் பழகிவிட்டார்கள். கேலியாகச் சொல்ல வேண்டுமானால் ‘சுத்தக் கர்நாடகம்’ என்பார்கள். சற்றுச் சூடாகச் சொல்ல ‘பிற்போக்கு’ என்றொரு பதம் இருக்கிறது. அதற்கு நேரான வங்கச் சொல்லாகிய ‘பிரதிக்ரியாஷீல்’ என்பதைக் கல்கத்தாவில் தேநீர்க்கடைப் பையனும் பிழையின்றி உச்சரிப்பான். ஆனால் இந்நகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை, எந்தக் கட்சிக்கு வாக்களித்தாலும், மனப்போக்கில் பழமைவாதிகளே. கடன் வாங்க அஞ்சுகிறோம். பிள்ளைகளின் படிப்பே சொத்து என்று எண்ணுகிறோம். கோயிலையும் குலவழக்கத்தையும் விடுவதில்லை. பத்து மணி அலுவலகத்துக்குப் பத்து மணிக்கே போய்ச் சேருகிறோம். இத்தகைய நாம், 1977 முதல் 2011 வரை 34 ஆண்டுகள் இடதுசாரிகள் இடையறாது ஆண்ட மாநிலத்தில் குடியிருந்தும், அதன் அரசியலைப் பற்றிய நம் அபிப்பிராயத்தை ‘நமக்கேன் வம்பு’ என்ற இரண்டு சொற்களோடு முடித்துக்கொண்டு விட்டோம். அந்த வம்பு நமக்கும் உரியது என்பதே என் கட்சி.

பழமைவாதம் என்று நான் கூறுவது, எதையும் மாற்றலாகாது என்னும் பிடிவாதமன்று. ஒரு சுவரை இடிக்குமுன் அது எதைத் தாங்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இடித்தபின் செலவு யார் தலையில் விழும் என்று கேட்க வேண்டும். இவ்வளவுதான். இந்தக் கேள்விகளை விடாது கேட்டவர்களுள் தலையாயவர் ராஜாஜி. மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னராக 1947 ஆகஸ்டு 15ஆம் நாள் பதவியேற்றவர் அவரே. 1939ல் சுபாஷ் போஸுடன் மாறுபட்டு நின்றவர் என்பதால் வங்காளிகள் பலருக்கு அந்த நியமனம் உவப்பாயில்லை. பின்னர் 1959ல் அவர் தோற்றுவித்த சுதந்திராக் கட்சியும் இந்த மண்ணில் வேரூன்றவில்லை. இத்தனைக்கும் பாரதீய ஜனசங்கத்தை 1951ல் நிறுவிய சியாமா பிரசாத் முகர்ஜி கல்கத்தாக்காரர். 1952ல் அக்கட்சி இங்குச் சட்டசபையில் 9 இடங்கள் பெற்றது. மறு ஆண்டு அவர் மறைந்தபின் அந்தச் செல்வாக்கும் கரைந்துபோயிற்று.

வங்காளம் இடப்பக்கம் சாய்ந்ததற்குக் கார்ல் மார்க்ஸின் நூல்களைக் காரணமாகக் கூறுவோர் உண்டு. எனக்கு அது போதுமான காரணமாகத் தோன்றவில்லை. 1947ல் நாடு பிளவுண்டபோது கிழக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் வீடும் வயலும் குளமும் துறந்து ஸியால்டா ரயில் நிலையத்து மேடையில் வந்து படுத்தார்கள். ஜாதவ்பூர்ப் பக்கத்தில் காலியாய்க் கிடந்த நிலத்தில் தாங்களே குடிசை கட்டிக் காலனிகள் அமைத்தார்கள். உடைமை யாவும் இழந்தவனிடம் சென்று, இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்று உபதேசித்தால் அவன் என்ன செய்வான்? காங்கிரஸ் சர்க்கார் அவர்களை அப்புறப்படுத்தப் பார்த்தது. கம்யூனிஸ்டுகள் அவர்களுடன் நின்றார்கள். எஞ்சியதை விளங்கிக்கொள்ளப் பெரிய சித்தாந்த ஞானம் வேண்டுவதில்லை. அந்தக் காலனிகளின் குடிசைகள் பின்னாளில் பத்திரம் பெற்ற மாடி வீடுகளாயின. அவ்வீட்டுக்காரர்கள் தங்கள் மதிற்சுவரை நம்மைவிடக் கவனமாகக் காப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தமையால், இடதுசாரி ஆட்சியின் மிகப் பெரிய காரியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1978ல் தொடங்கிய ‘பர்கா’ இயக்கம் அது. பர்காதார் என்பவர் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுபவர். நம் தஞ்சைப் பக்கத்து வாரக் குடிகளைப் போன்றவர் என்று கொள்ளலாம். அவர்களுக்குச் சட்டப்படி உரிமைகள் முன்பே இருந்தன. ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லை. பெயரில்லாதவனை நிலச்சொந்தக்காரர் எந்த ஆண்டிலும் வெளியேற்றிவிட முடிந்தது. அமைச்சர் பினய் சௌத்ரியும், நிலச் சீர்திருத்தக் கமிஷனர் தேவப்ரத வந்த்யோபாத்யாயரும் அதிகாரிகளைக் கிராமங்களுக்கே அனுப்பினார்கள். உழுபவர்களை அமரவைத்து, கேட்டு, ஊரறியப் படித்துப் பெயர்களைப் பதிவு செய்தார்கள். ஏறத்தாழ 14 லட்சம் பேர் பதிவேட்டில் ஏறினார்கள். விதையும் உரமும் மாடும் தாமே போடும் பர்காதாருக்கு விளைச்சலில் முக்கால் பங்கு. சொந்தக்காரர் போட்டால் பாதி. உரிமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும். ஆனால் விற்க முடியாது.

இதைப் புரட்சி என்று இடதுசாரிகள் கொண்டாடினார்கள். கொள்ளை என்று நம்மவர்களில் சிலர் இன்றும் சொல்வார்கள். நான் இரண்டையும் ஒப்பவில்லை. தலைமுறை தலைமுறையாய் ஒரே வயலை உழுது வருபவனுக்கு அந்த வயலில் ஒரு பாத்தியதை உண்டு என்பது நம் பழைய கிராம வழக்கமே. அதை எழுதிவைத்ததுதான் பர்கா. எந்த உடைமையும் வாய்மொழியில் நிற்கும்வரை பலவானுக்கே சொந்தம்; பதிவேட்டில் ஏறினால்தான் எளியவனுக்கும் அது சொத்து. பழமைவாதி இதை எதிர்ப்பானேன்? 1952ல் சென்னையில் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொணர்ந்தது யார் சர்க்கார்? ராஜாஜியின் சர்க்காரே. மிராசுதார்கள் அப்போது அவரை எத்தகைய அடைமொழிகளால் அழைத்திருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது 2006ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டுத் தேர்தலில் இடதுசாரி முன்னணி 294ல் 235 இடங்களை வென்றது. வெற்றிக் களிப்பு அடங்குமுன், ஹூக்ளி மாவட்டத்துச் சிங்கூரில் சிறிய கார் தொழிற்சாலை ஒன்றுக்காக 997 ஏக்கர் நிலம் எடுப்பதென முதலமைச்சர் புத்ததேவ் பட்டாச்சார்யாவின் சர்க்கார் முடிவு செய்தது. ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட போகம் விளையும் நிலம். அதை எடுக்கப் பயன்பட்டது எது? வெள்ளைக்காரன் 1894ல் எழுதிவைத்த நில ஆர்ஜிதச் சட்டம்! பர்காதாரைப் பதிவேட்டில் ஏற்றிய அதே கட்சி, கொடுக்க மனமில்லாத சிறு குடியானவனின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிக்கத் துணிந்தது. மறு ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் நந்திகிராமத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 14 பேர் மாண்டார்கள். தொழிற்சாலை 2008 அக்டோபரில் குஜராத்துக்குப் போயிற்று.

தொழில் வர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வங்கத்து வாலிபர்கள் வேலை தேடிப் பெங்களூருக்கும் நம் சென்னைக்கும் ரயிலேறுவதை அன்றாடம் காண்கிறோம். ஆனால் விற்க மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் உடைமை என்ற சொல்லுக்கே பொருளில்லை. சிங்கூர்க் குடியானவன் எந்தப் பழமைவாத நூலையும் படித்தவனல்லன். ஆயினும் அன்று இந்த மாநிலத்தில் பழமைவாதத்தின் சாரத்தைப் பேசியவன் அவன்தான். 2016 ஆகஸ்டு 31ஆம் நாள் சுப்ரீம் கோர்ட் அந்த ஆர்ஜிதம் செல்லாது என்று கூறி நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லிற்று. திருப்பித் தரப்பட்ட நிலத்தில் ஒரு பகுதி கான்கிரீட் அடித்தளம் பரவி உழவுக்கு ஒவ்வாது போயிருந்தது. கம்பெனிக்கு 765.78 கோடி ரூபாயும் வட்டியும் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் தரவேண்டுமென 2023 அக்டோபரில் மத்தியஸ்தத் தீர்ப்பு வந்தது. அதை எதிர்த்துக் கழகம் நீதிமன்றம் சென்றது. அவசரப்பட்டு இடித்ததன் செலவுக் கணக்கு இது. கணக்கர் உத்தியோகத்தில் இருப்பவன் ஆகையால் இத்தொகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஒருமுறை அடைத்துக்கொள்கிறது.

தொழில்கள் நலிந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1967ல் ஐக்கிய முன்னணி ஆட்சியில் ‘கேராவ்’ என்னும் முற்றுகை ஒரு கலையாகவே வளர்ந்தது. தொழிலாளர் அமைச்சரின் அனுமதியின்றிப் போலீஸ் தலையிடலாகாது என்று வந்த சுற்றறிக்கைகளைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் அவ்வாண்டே ரத்துச் செய்தது. முதலாளிகள் பயந்தார்கள், தலைமை அலுவலகங்கள் பம்பாய்க்குப் பெயர்ந்தன. இது பாதிக் கதை. மறு பாதி ரயில்வேயில் சரக்குக் கட்டண ஏடுகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். 1956 முதல் 1990களின் தொடக்கம் வரை உருக்கு நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைக்குமாறு மத்திய சர்க்கார் கட்டணத்தைச் சமப்படுத்தி வைத்தது. சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் அருகிலிருந்த ஹௌராவுக்கு இயற்கை அளித்த அனுகூலம் அதனால் பறிபோயிற்று. பம்பாயும் சென்னையும் ஆதாயம் பெற்றன. கல்கத்தாவைக் கம்யூனிஸ்டுகளே கெடுத்தார்கள் என்று பேசும் தமிழர், நம் ஊர்த் தொழிற்சாலைகளுக்கு வந்த உருக்கின் விலையில் வங்காளத்தின் பங்கும் கலந்திருந்ததை நினைத்துக்கொள்வது நலம்.

நான் மன்னிக்க மாட்டாதது ஆங்கிலத்தின் விஷயம். 1980களின் தொடக்கத்தில் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை நீக்கினார்கள். தாய்மொழியில் கற்பதே இயல்பு என்ற கொள்கை தவறானதன்று; தாய்மொழிக்காக மாதந்தோறும் ஒரு பத்திரிகை நடத்தும் நாம் அதை மறுக்கவும் முடியாது. ஆனால் தாய்மொழியில் கற்பது வேறு, இன்னொரு மொழியை எட்டவிடாமல் வைப்பது வேறு. லண்டனில் பாரிஸ்டர் படிப்பு முடித்து வந்த ஜோதிபாசு அவர்களின் தலைமையில் இது நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செலவு யார் தலையில் விழுந்தது? நம் பிள்ளைகள் கேந்திரீய வித்யாலயத்திலோ தனியார் பள்ளியிலோ படித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. வசதியுள்ள வங்காளிகளும் ஆங்கிலப் பள்ளிகளை நாடினார்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் மகனும், ரிக்‌ஷாக்காரரின் மகளுமே பின்தங்கினார்கள். சமத்துவத்துக்காக எடுத்த நடவடிக்கை, ஆங்கிலத்தைக் காசு கொடுத்து வாங்கும் பண்டமாக்கிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. இந்நீக்கத்தை எதிர்த்து நெடுங்காலம் தெருவில் இறங்கிப் போராடியவர்களுள் முன்னின்றது எஸ்.யு.சி.ஐ. என்னும், தன்னை இன்னும் தீவிர இடதுசாரி என்று கருதும் கட்சி. பழமைவாதிகள் வீட்டில் அமர்ந்து வருந்தினார்கள். கடைசியில் 1999ல் மூன்றாம் வகுப்பிலிருந்தும், 2004ல் முதல் வகுப்பிலிருந்தும் ஆங்கிலம் திரும்பி வந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்களுக்கு யார் என்ன திருப்பித் தர முடியும்?

நிற்க. நன்றியோடு கூற வேண்டியதும் ஒன்று உண்டு. 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்திய குமாஸ்தாக்களுக்கு எதிராகச் சிவசேனை கிளம்பியபோது, கல்கத்தாவில் அத்தகைய இயக்கம் எதுவும் தலையெடுக்கவில்லை. இங்கேயும் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாகத்தான் இருந்தது. நம்மவர்களும் நாற்காலிகளில் அமர்ந்துதான் இருந்தார்கள். 1984ல் டில்லியில் சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டபோது இந்நகரில் அத்தகைய படுகொலை நிகழவில்லை. மனிதரை மொழியாலும் மதத்தாலும் பிரித்துப் பார்க்காத ஒரு பழக்கத்தை இடதுசாரிகள் இங்கே ஊன்றினார்கள், அல்லது முன்பே இருந்ததைக் காத்தார்கள். பிற மாநிலத்தில் பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு இதைவிட மேலான காப்பு எது? லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாங்கிக்கொண்டு இரவு எட்டு மணிக்குத் தனியே வீடு திரும்பும் நம் தாய்மார்கள் அறிவார்கள்.

உள்ளூர் அரசியலைப் பற்றி எனக்குள்ள கவலை வேறு வகையானது. 1978 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் பஞ்சாயத்துத் தேர்தல் நடத்திக் காட்டியது மேற்கு வங்காளம். பாராட்டத் தக்க ஒழுங்கு. ஆனால் அந்த வாசல் வழியே கட்சியும் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்தது. பள்ளிக்கூடக் கமிட்டி, கூட்டுறவுச் சங்கம், வாசகசாலை, குளத்து மீன், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று எந்த வழக்கானாலும் கட்சி ஆபீஸில் தீர்ப்பாயிற்று. முன்பு ஊர்ப் பெரியவர்கள் இருந்த இடத்தில் லோக்கல் கமிட்டிச் செயலாளர் அமர்ந்தார். 2011ல் திரிணமூல் காங்கிரஸ் வென்றபோது ஆட்கள் மாறினார்கள். நாற்காலி அப்படியே இருந்தது. 2018 பஞ்சாயத்துத் தேர்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் போட்டியே இல்லாமல் முடிவு அறிவிக்கப்பட்டதே, அது அந்த நாற்காலியின் பலம்.

நகரத்தில் இதன் வடிவம் ‘பாடா’க் கிளப். பாடா என்பது பேட்டை. கேரம் பலகையும் தூசி படிந்த கோப்பைகளும் இருக்கும் அந்தச் சிறு அறையை நம்மவர்கள் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. நள்ளிரவில் ஒருவருக்கு மாரடைப்பு என்றால் ஆம்புலன்ஸுக்கு ஓடுவது அந்த அறையிலிருந்துதான். துர்க்கா பூஜையைப் பன்னிரண்டு நண்பர்கள் கூடிப் பொதுவில் நடத்தியதால் ‘பாரோயாரி’ என்று பெயர் வந்ததாக வழக்கு. குப்திபாடா என்னும் ஊரில் 1790ஐ ஒட்டி அது நடந்ததாம். அன்று முதல் அது வீட்டுக்கு வீடு திரட்டும் சந்தாவில் நடந்து வந்த விழா. சந்தா வசூலில் மிரட்டலும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அது தெருவின் பணம். கணக்கைத் தெருவில் எவரும் கேட்கலாம்.

2018ல் மாநில சர்க்கார் பூஜைக் கமிட்டி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. 2024ல் அது 85,000, 2025ல் 1,10,000. கொடுப்பதை வாங்கிக்கொள்வதில் என்ன தவறு என்று கேட்பார்கள். சந்தாவுக்கு வாசலில் வந்து நிற்கும் செயலாளர் நம்மிடம் தலைவணங்க வேண்டியவர். காசோலை வாங்கியவர் வேறோரிடத்தில் வணங்க வேண்டியவர். பாடாவுக்குக் கட்டுப்பட்டிருந்த கிளப், எந்தக் கட்சி ஆண்டாலும் ஆளுங்கட்சிக்குக் கட்டுப்பட்டதாகிவிடும். தமிழ்ச் சங்கங்களை நடத்தும் நமக்கு இது அயலார் விவகாரமன்று. நவராத்திரி விழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் கவுன்சிலரின் உதவியை நாடலாமா என்ற பேச்சு நம் செயற்குழுக்களிலும் எழாமலில்லை. குடும்பத்துக்கு ஐம்பது ரூபாய் கூட்டினால் தீரக்கூடிய பற்றாக்குறைக்காக மேடையின் நடு நாற்காலியை யாருக்கோ எழுதிக் கொடுப்பது என் கணக்கில் நஷ்டமே.

டிராம் வண்டியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1873ல் குதிரை இழுத்தது, 1902ல் மின்சாரத்தில் ஓடியது. 1953ல் ஆங்கிலேயக் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியதற்கு இந்நகரம் பற்றி எரிந்தது. 1967ல் சர்க்கார் நிர்வாகத்தை எடுத்தது. 1976ல் உடைமையையும் எடுத்தது. பொதுவுடைமையான பின் தடங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. எஸ்பிளனேடு மைதானப் பாதை ஒன்றைத் தவிர மற்றவை நிறுத்தப்படும் என்று 2024 செப்டம்பரில் அமைச்சர் அறிவித்தார். ஒரு பைசாவுக்காகத் தெருவில் இறங்கிய நகரத்தில், வண்டியையே எடுத்துவிடப் போகிறோம் என்றபோது சிறு கூட்டம் ஒன்றே உயர்நீதிமன்றப் படியேறியது. ஊரின் பெயரை 2001ல் மாற்றியதற்கு இருந்த உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கு டிராமுக்கு இருந்திருக்கலாம். (பெயர் மாறி இத்தனை ஆண்டாகியும் என் பேனா ‘கல்கத்தா’ என்றே எழுதுகிறது, ஆசிரியர் பொறுத்தருள்க.)

2021 டிசம்பரில் கார்ப்பரேஷன் தேர்தல் வந்தது. 144 வார்டுகளில் 134ஐத் திரிணமூல் வென்ற தேர்தல் அது. நம்மவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டை இன்னும் கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் இருப்பதால், வேட்பாளர்கள் நம் வாசலில் அதிக நேரம் நிற்பதில்லை. என் பெயர் இவ்வூர்ப் பட்டியலில் இருப்பதால் மூவர் நின்றார்கள். மூவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்கிறதே, ஏன்? முதலாமவர் டில்லி சர்க்காரின் வஞ்சனையை விளக்கினார். இரண்டாமவர் அந்த 34 ஆண்டுகளை விளக்கினார். மூன்றாமவர் ஓர் இளைஞர். சட்டைப் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து, எதிர் மனையில் வீடு கட்டியவர் கொட்டிய செங்கல் துண்டுகள் சாக்கடை வாயை அடைத்திருப்பதையும், எந்த ஓவர்சியரிடம் எந்தத் தேதியில் மனு கொடுத்தார் என்பதையும் படித்துக் காட்டினார்.

அவர் எந்தக் கட்சி என்று எழுதினால் வாசகர்கள் இக்கட்டுரை முழுவதையும் அந்தக் கட்சியின் கணக்கில் வரவு வைத்துவிடுவார்கள், ஆகையால் எழுதவில்லை. என் வாக்கை அவருக்குப் போட்டேன். அவர் தோற்றுவிட்டார். சாக்கடை அடைப்பை மட்டும் பிப்ரவரியில் வந்து எடுத்தார்கள்.